காய்ச்சாத பால்

நமது இந்துக் கல்லூரியின் யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியனாகிய யான் பழந்தமிழ் இலக்கியம் பற்றியோ மட்டக்களப்பு நாட்டுப் பாடல்கள் பற்றியோ எழுதுவேன் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யானும் அவ்வாறே எண்ணித் தாளை எடுத்தேன். ஆயின், எழுதுகோலைப் பிடித்த கை, சில ஆண்டுகளுக்கு முன் அக்கையே செய்த ஒரு பிழையிற் போய் நின்றது. மாணவன் ஒருவனின் கட்டுரையிலே உண்மையான வரி ஒன்றை யான் சிவப்பு மையால் அடித்தேன். அவ்வரி என் குடும்பத்துப் பெரியவர் ஒருவரின் நலத்தோடு தொடர்புடையது என்பதை அப்பொழுது அறிந்திலேன். பழைய மாணவரும் இன்றைய மாணவரும் ஆசிரியரும் ஒருங்கே படிக்கும் இம்மலரில் அக்கதையைச் சொல்லுதலே தக்கதெனத் துணிந்தேன்.

யான் பிறந்து வளர்ந்தது ஆரையம்பதி. கிழக்கே கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி. வாவிக்கு இப்பால் எழுவான்கரை, அப்பால் படுவான்கரை. வீடு இக்கரையிலும், வயலும் பட்டியும் அக்கரையிலுமாக வாழ்ந்த குடும்பங்கள் எம்மூரிற் பல. என் தாய்மாமனும் அத்தகையவரே. 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, மண்முனைத் துறையிலே பாதையேறித்தான் அக்கரைக்குப் போதல் வேண்டும். மனிதரையும் துவிச்சக்கர வண்டிகளையும் தயிர்ச் சட்டிகளையும் ஒருசேரச் சுமந்துகொண்டு அப்பாதை அசைந்து அசைந்து வரும் காட்சி இன்றும் என் கண்முன் நிற்கின்றது.

பாடசாலை விடுமுறைக் காலங்களில் மாமா என்னைப் பட்டிக்கு அழைத்துச் செல்வார். விடியுமுன் கன்றை அவிழ்த்துவிட்டு, மடி சுரந்ததும் கன்றை விலக்கிக் கட்டி, முழங்கால்களுக்கிடையே செம்பை இடுக்கிக்கொண்டு பால் கறப்பார். கறந்த சூடு ஆறாத பாலை ஒரு சிரட்டையில் ஊற்றி, “குடியுங்கள் மருமகன், இதிலும் சுத்தமான பொருள் உலகத்தில் இல்லை” என்று நீட்டுவார். யானும் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பேன். அதன் மணத்தை நினைக்கும்தோறும் இன்றும் நாவூறுகின்றது. முல்லை நிலத்தைப் பற்றி வகுப்பிற் கற்பிக்கும்போதெல்லாம் என் மனத்திலே தோன்றுவது மாமாவின் பட்டியே.

2017ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், வகுப்பில் ‘பசு’ என்னும் பொருள் பற்றிக் கட்டுரை எழுதுமாறு பணித்தேன். கட்டுரையில் அமையவேண்டிய கருத்துக்களைக் கரும்பலகையில் யானே எழுதிவைத்தேன். அவற்றுள் ஒன்று, ‘கறந்த பாலின் தூய்மை’ என்பது. படுவான்கரையிலிருந்து நாடோறும் பேருந்தில் வரும் பையன் ஒருவன், ஏனையோரைப் போலவே பசுவின் பெருமைகளையெல்லாம் எழுதிவிட்டு, இடையில் இவ்வாறு எழுதியிருந்தான்: “எங்கள் பட்டியில் இவ்வருடம் நான்கு பசுக்கள் கன்று வீசின. மாட்டு டொக்டர் வந்து, இந்த நோய் மனிதருக்கும் வரும், பாலைக் காய்ச்சாமல் குடிக்கவேண்டாம் என்று சொன்னார்.”

யான் அவ்வரிகளைக் குறுக்கே அடித்து, ஓரத்தில் ‘பொருத்தமற்றது’ என எழுதினேன். பசுவின் பெருமை பேசும் கட்டுரையிலே நோயைப் பற்றிய பேச்செதற்கு என்பதே என் எண்ணம். கட்டுரையைத் திருத்தி எழுதி வருமாறு கூறிக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன்.

அக்காலத்தில் மாமா நோயுற்றிருந்தார். பங்குனி மாதத்திலே தொடங்கிய காய்ச்சல் அது. காலையில் உடம்பு தெளிந்திருக்கும். பின்னேரம் குளிர்ந்து காய்ச்சல் ஏறும். இரவில் படுக்கைப்பாய் நனையும்படி வியர்க்கும். பத்து நாள் விட்டிருக்கும், மீண்டும் வரும். நாரியிலே நோவு, மூட்டுக்களிலே நோவு, உணவில் வெறுப்பு. நெல் மூடையை ஒருவராகவே தூக்கி வண்டியிலேற்றிய மனிதர், வாசற்படி ஏறுதற்குச் சுவரைப் பிடித்தார்.

அவ்வாண்டு இலங்கை முழுவதும் டெங்குக் காய்ச்சல் பெருவாரியாகப் பரவிய ஆண்டு. நாடெங்கும் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளர் எனப் பதியப்பட்டனர். ஆதலின் வைத்தியசாலை ஒன்றில் மாமாவுக்கு முதலில் டெங்குப் பரிசோதனையே செய்தனர். அஃது இல்லையென்று வந்தது. பின்னர் வேறோரிடத்தில் வாதம் என்றனர். நோவுக்கு மாத்திரை கொடுத்தனர். எண்ணெய் பூசினோம், கோயிலில் நேர்த்தி வைத்தோம், நூல் கட்டினோம். நான்கு மாதம் கழிந்தது. யாரையும் யான் இங்குக் குறை கூறவில்லை. கூட்டம் நிறைந்த அக்காலத்தில், “என்ன தொழில் செய்கிறீர்? வீட்டில் மாடு உண்டா?” என்று கேட்பதற்கு எவருக்கும் நேரம் வாய்க்கவில்லை. அவரது பட்டியிற் பால் குடித்து வளர்ந்த யானும் கேட்கவில்லையே.

ஆடி மாதத்தில் ஓரிரவு, மாமாவின் கட்டிலருகே இருந்து கொப்பிகள் திருத்திக்கொண்டிருந்தேன். அப்பையன் திருத்தி எழுதிய கட்டுரை கைக்கு வந்தது. எழுத்துப்பிழைகள் யாவற்றையும் ஒழுங்காகத் திருத்தியிருந்தான். ஆனால், யான் அடித்த வரிகளை மட்டும் விட்டுவிடாமல் மீண்டும் அப்படியே எழுதியிருந்தான். எனக்குச் சினம் மூண்டது. சிவப்புப் பேனாவை எடுத்தேன். அப்பொழுது மாமா வியர்த்துப் புரண்டு, தண்ணீர் கேட்டார். தண்ணீர் கொடுத்துவிட்டு மீண்டும் கொப்பியைப் பார்த்தேன். ‘இந்த நோய் மனிதருக்கும் வரும்’ என்னும் வரியில் கண் நிலைத்தது.

“மாமா, இந்த வருடம் பட்டியிலே மாடுகள் கன்று வீசினதா?” என்று கேட்டேன்.

“மார்கழியிலும் தையிலுமாக மூன்று வீசினது. செல்லியும் வீசிப்போட்டுது. ஏன் மருமகன்?”

“வீசின கன்றுகளை யார் எடுத்துப் போட்டது?”

“நான்தான். என்னுடைய மாட்டுக்கு வேறு யார் வருவது? நஞ்சுக்கொடி விழாமல் கிடந்தது. கையை விட்டு நான்தான் எடுத்தேன்.”

அன்றிரவு யான் உறங்கவில்லை. விடிந்ததும் கால்நடை வைத்தியரின் அலுவலகத்திற்குச் சென்று நடந்ததைக் கூறினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இது கன்று வீச்சு நோயாக இருக்கலாம், புரூசெல்லோசிஸ் என்பார்கள். உங்கள் மாமாவின் வைத்தியரிடம் இந்தச் செய்தியை மட்டும் சொல்லுங்கள், அவர் மற்றதைப் பார்ப்பார்” என்று சொல்லி, ஒரு துண்டுக் கடிதமும் தந்தார். கடிதத்தைப் பார்த்த மருத்துவர் இரத்தமெடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். விடை வந்தது. கால்நடை வைத்தியர் ஐயுற்றது உண்மையாயிற்று. ஆறு வாரம் இருவகை மருந்துகளை நாள் தவறாது உண்ணவேண்டும். காய்ச்சல் விட்டது என்று இடையில் நிறுத்தினால் நோய் திரும்பும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னார். மாமி நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாகக் கோடிட்டு மருந்து கொடுத்தார். மூன்றாம் வாரத்திலே மாமா சோறு கேட்டு உண்டார். நாரி நோவு முற்றாக நீங்கப் பின்னும் பல மாதங்கள் சென்றன.

இந்நோயின் வரலாற்றைப் பின்னர் தேடிப் படித்தேன். அஃது எனக்குப் பெருவியப்பைத் தந்தது. மத்தியதரைக் கடலிலுள்ள மால்ற்றாத் தீவிலே பிரித்தானியப் படைவீரர் பலர் இத்தகைய விட்டு விட்டு வரும் காய்ச்சலால் வருந்தினர். டேவிட் புரூஸ் என்னும் இராணுவ மருத்துவர், இறந்த வீரரின் மண்ணீரலிலிருந்து இதன் கிருமியைப் பிரித்தெடுத்து 1887ஆம் ஆண்டில் வெளியிட்டார். நோயின் பெயரும் அவர் பெயராலேயே அமைந்தது. ஆயின், கிருமி உடம்பினுள் எவ்வழியாகப் புகுகின்றது என்பது மேலும் பல ஆண்டுகள் தெரியாதிருந்தது. 1905ஆம் ஆண்டில், அத்தீவினரான தெமிஸ்ரொக்கிள்ஸ் சம்மித் என்னும் மருத்துவர், தீவின் வெள்ளாடுகளின் இரத்தத்தைச் சோதித்தார். நோயின் குறி ஒன்றுமின்றிக் கொழுத்துத் திரிந்த ஆடுகளிலே நோயின் அடையாளம் காணப்பட்டது. வீடுதோறும் ஓட்டிச் சென்று வாசலிலே கறந்து கொடுத்த ஆட்டுப் பாலே நஞ்சாயிருந்தது! 1906ஆம் ஆண்டில் படையினருக்குக் காய்ச்சாத ஆட்டுப்பால் கொடுத்தலை நிறுத்தினர். காய்ச்சலும் அவர்களிடையே விரைந்து குறைந்தது. மருந்தினாலன்று, பாலைத் தவிர்த்தமையாலேயே அந்நன்மை விளைந்தது.

இதனிடையே டென்மார்க்கு நாட்டில் பேண்ஹாட் பாங் என்னும் கால்நடை மருத்துவர், பசுக்கள் கன்று வீசுதற்குக் காரணமான கிருமியை 1897ஆம் ஆண்டிற் கண்டிருந்தார். ஆட்டின் கிருமி வேறு, மாட்டின் கிருமி வேறு என்றே உலகம் நம்பியது. இரண்டும் ஓரினத்தன என்று 1918ஆம் ஆண்டில் எழுதியவர் அமெரிக்க நாட்டு ஆய்வாளர் அலிஸ் எவன்ஸ் அம்மையார். காய்ச்சாத பசுப்பாலும் மனிதருக்குத் தீங்கு செய்தல் கூடும் என்று அவர் எச்சரித்தார். அவர் ஒரு பெண். கலாநிதிப் பட்டம் பெறாதவர். ஆதலின் அறிஞர் பலர் அவர் சொல்லை ஏற்கவில்லை. பால் வணிகரும் எதிர்த்தனர். 1922ஆம் ஆண்டில் அவரையே அந்நோய் பற்றிக்கொண்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக விட்டு விட்டு வருத்தியது. பிற நாட்டு ஆய்வாளரும் அவர் கண்டதையே கண்டபின்னரே உலகம் அவரை நம்பியது. 1928ஆம் ஆண்டில் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் சங்கம் அவரையே தலைவராகத் தெரிந்தது. அப்பதவியேற்ற முதற் பெண்மணியும் அவரே.

பல்கலைக்கழகம் சென்று பட்டம் பெறும் வாய்ப்பின்றிப் பயிற்றப்பட்ட ஆசிரியன் என்னும் சான்றிதழோடு நிற்கும் எனக்கு, அவ்வம்மையாரின் வரலாறு மிகவும் நெருக்கமாகத் தோன்றியது. ஆனால், அதனைப் படித்து முடித்ததும் என்னை யான் அவர் பக்கத்தில் நிறுத்த இயலவில்லை. அவருடைய சொல்லை அடித்தவர்களின் பக்கத்திலேதான் யானும் சிவப்புப் பேனாவோடு நின்றேன்.

நிற்க. கன்று வீச்சு நோய் எங்கோ தொலைவிலுள்ள நோயன்று. இலங்கையின் உலர்வலயப் பட்டிகளிலும், நம் கிழக்கு மாகாணத்து மாடுகளிலும் எருமைகளிலும் அஃது உண்டு என்பதைக் கால்நடை ஆய்வுகள் காட்டியுள்ளன. நோயுற்ற பசு கன்று வீசும்போது, வீசிய கன்றிலும் நஞ்சுக்கொடியிலும் கழிநீரிலும் கிருமி கோடிக்கணக்கில் வெளிப்படும். அவற்றை வெறுங்கையால் தொடுபவரின் கைக்காயத்தின் வழியாகவும், கண், வாய், மூச்சு ஆகியவற்றின் வழியாகவும் உட்புகும். கன்று வீசியபின் பசு நலமுற்றது போலத் தோன்றும். அடுத்த கன்றை நிறைமாதத்தில் ஈனவும் கூடும். ஆயினும் பாலிலே கிருமி தொடர்ந்து வெளிப்படுதல் உண்டு. மாமாவின் செல்லியும் அத்தகையதே. பளபளத்த தோலும் நிறைந்த மடியுமாக நின்ற அப்பசுவின் இரத்தத்திலும் நோய் காணப்பட்டது.

அச்செய்தியைக் கேட்ட மாமா, தம் நோயைக் கேட்டபோது கலங்காதவர், அன்று கலங்கினார். “பாலிலே நஞ்சு என்கிறீர்களா ஐயா? இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் கொடுத்தேனே!” என்று கால்நடை வைத்தியரைக் கேட்டார். அவர், “பாலிலே பிழையில்லை அண்ணை, காய்ச்சாததுதான் பிழை” என்று ஆறுதல் கூறினார். நோயுற்ற மாடுகளைப் பட்டியினின்றும் பிரித்துக் கறவையை நிறுத்தினோம். கிடாரிக் கன்றுகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. செல்லியை மட்டும் மாமா தனியே வேலியடைத்துக் கட்டி, புல் வெட்டிப் போட்டு, அதன் இறுதிக்காலம் வரை காத்தார். அதன்பின் ஒரு துளி பால் அதனிடம் கறக்கவில்லை.

ஒருநாள் நான் சென்றபோது மாமி பாலை அடுப்பிலேற்றிப் பொங்கக் காய்ச்சிக்கொண்டிருந்தார். மாமா என்னைப் பார்த்து, “பாலைக் காய்ச்சவில்லை, என்னை நாலு மாதம் காய்ச்சிப்போட்டுது, மருமகன்” என்று சிரித்தார். தமிழாசிரியனுக்கும் வாய்க்காத சிலேடை அது.

மாட்டினால் மட்டுமே இத்தகைய நோய்கள் வருவன என்று எவரும் எண்ணற்க. மனிதரைப் பற்றும் தொற்றுநோய்களுள் பத்தில் ஆறு விலங்குகளோடு தொடர்புடையன என்பர் அறிஞர். உணவின் வழியாக வரும் நோய்களால் ஆண்டுதோறும் உலகில் 60 கோடி மக்கள் நோயுறுகின்றனர் என்றும், 420,000 பேர் இறக்கின்றனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் மதிப்பிட்டு வெளியிட்டது. நம் வயல்களிலே எலியின் சிறுநீர் கலந்த நீரால் வரும் எலிக்காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். 2008ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000க்கு மேற்பட்டோர் அந்நோயுற்றனர் எனப் பதியப்பட்டது. 200க்கு மேற்பட்டோர் இறந்தனர். 2024ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் யாழ்ப்பாணத்திலே வெள்ளத்தின் பின் காய்ச்சலொன்று பரவிச் சிலர் உயிரிழந்தபோது, இஃது என்ன காய்ச்சலோ என மக்கள் அஞ்சினர். ஆய்வின் பின்னரே எலிக்காய்ச்சலென்பது தெளிவாயிற்று. வயலிலிறங்குவோர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால், தடுப்பு மாத்திரையை வாரந்தோறும் பெற்று உண்ணலாம். காய்ச்சல் வந்தால், “வயலில் இறங்கினேன்” என்னும் ஒரு சொல்லை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுதல் வேண்டும்.

மனிதரைக் காக்க விலங்கைக் காத்தல் வேண்டும் என்பதற்கு விசர்நாய்க்கடி நோய் நல்ல சான்றாகும். 1973ஆம் ஆண்டில் இலங்கையில் அந்நோயால் 377 பேர் மாண்டனர். நாய்களுக்குத் தடுப்பூசி போடுதல் பரவியமையாலும், கடியுண்டோருக்கு உரிய காலத்தில் ஊசி கிடைத்தமையாலும், அண்மைக் காலத்தில் அவ்வெண்ணிக்கை ஆண்டுக்கு முப்பதை ஒட்டியும் அதனிற் குறைந்தும் வந்துள்ளது. மனித மருத்துவர், கால்நடை மருத்துவர், சூழலை ஆராய்வோர் ஆகியோர் கூடித் தொழிற்படுதலை இக்காலத்தார் ‘ஒரே சுகாதாரம்’ என வழங்குகின்றனர். பெயர் புதிது. ஆயின், மாமாவின் வீட்டில் அது நடந்தது ஒரு துண்டுக் கடிதத்தாலேயாம். மாட்டு வைத்தியர் எழுதினார். மனித வைத்தியர் படித்தார். நான்கு மாத இருள் நீங்கிற்று.

மாணவர் நினைவிற் கொள்ளவேண்டியவை மிகச் சில. பாலை நன்றாகப் பொங்கக் காய்ச்சிய பின்னரே குடியுங்கள். நம் மட்டக்களப்புத் தயிரின் புகழுக்கு இதனால் யாதொரு குறைவுமில்லை. காய்ச்சிய பாலிலே உறையிட்ட தயிர் நமக்கு உறவே, காய்ச்சாப் பாலே பகை. கன்று வீசினால் வெறுங்கையாற் தொடாது, கையுறையோ பொலித்தீன் உறையோ அணிந்து, வீசியவற்றை நாய் தோண்டாதவாறு ஆழப் புதையுங்கள். அன்றே கால்நடை வைத்தியருக்கு அறிவியுங்கள். வாரக்கணக்கில் விட்டு விட்டுக் காய்ச்சல் வருமாயின், வீட்டில் மாடு உண்டென்பதை மருத்துவரிடம் மறவாது கூறுங்கள்.

நம் கல்லூரியிற் கற்று மருத்துவராகவும் கால்நடை மருத்துவராகவும் விளங்கும் பழைய மாணவருக்கு எனது பணிவான விண்ணப்பம் ஒன்று. நோயாளியின் நாடியைப் பார்க்கும்போது, “என்ன தொழில்? என்ன வளர்க்கிறீர்? என்ன குடித்தீர்?” என்னும் மூன்று கேள்விகளையும் கேளுங்கள். அரை நிமிடமும் ஆகாது. என் மாமாவுக்கு அக்கேள்வி நான்கு மாதம் பிந்திக் கிடைத்தது.

இறுதியாக, அப்பையனைப் பற்றிச் சொல்லாது விடுதல் முறையாகாது. மாமாவின் இரத்தப் பரிசோதனை விடை வந்த மறுநாள், வகுப்பு முடிந்ததும் அவனை அழைத்தேன். “நான் அடித்த வரியை ஏன் மறுபடியும் எழுதினாய்?” என்று கேட்டேன். அடி விழும் என்று எண்ணினானோ என்னவோ, தலையைக் குனிந்தபடி, “சேர், அது உண்மைதானே” என்றான்.

அவன் கொப்பியை வாங்கி, ஓரத்தில் யான் எழுதிய ‘பொருத்தமற்றது’ என்னும் சொல்லை யானே அடித்து, அதன் கீழ் ‘சரி’ என எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். நடந்ததை வகுப்பார் அனைவருக்கும் கூறினேன். கரும்பலகையில் அன்று யான் எழுதிய ‘கறந்த பாலின் தூய்மை’ என்பதை இப்பொழுது ‘காய்ச்சிய பாலின் தூய்மை’ என எழுதுகிறேன். ஒரு சொல்லே மாறியது. அதனைக் கற்க எனக்கு நாற்பது வயதாக வேண்டியிருந்தது.

நமது கல்லூரி மேன்மேலும் வளர்க. அதன் வகுப்பறைகளிலே, பட்டியிலும் வயலிலும் வாவியிலும் தாம் கண்டதை அஞ்சாது எழுதும் மாணவர் பெருகுக. அவற்றை அடிக்குமுன் ஒருமுறை நின்று படிக்கும் ஆசிரியரும் பெருகுக.